பூசணியின் இடது கன்னத்தில் ஒரு பொட்டு

கைவினைச் சந்தையில் துணியில் தைத்த எலும்புக்கூடு விலைப்படாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹலோவீனுக்குச் சனம் பேயை வாங்கும், பூனையை வாங்கும், பூசணியை இரண்டாகவே வாங்கும். எலும்புக்கூட்டைத் தூக்கிப் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்று பாராட்டி, மடித்து வைத்துவிட்டுப் போகும். பாராட்டுகிறவர் வாங்கமாட்டார். குறை சொல்கிறவர்தான் வாங்குவார். இதை நான் மொன்றியலில் படிக்கவில்லை. யாழ்ப்பாணம் பெரியகடைத் தெருவில், என் அப்பாவின் புடவைக் கடையில் படித்தேன்.

தம்பி அருமைராசா, நீங்கள் சிவாஜினியின் புது வழக்கறிஞருக்கு மொழிபெயர்க்கிறவர். போன கிழமை பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணீர் குடித்து, ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டீர்கள். அகதி விசாரணைக்கு வரச்சொன்ன கடிதம் சிவாஜினியின் கைக்குக் கிடைக்கவில்லை என்று அதே வீட்டில் இருக்கும் ஒருவர் எழுதிக் கையொப்பமிட்டால், மூடிய வழக்கைத் திரும்பத் திறக்கக் கேட்கலாம் என்றீர்கள். இல்லாவிட்டால் வருகிற வியாழன் இரவு அவளைக் கொழும்பு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்றும் சொன்னீர்கள். நீங்கள் கேட்டது ஒரு பக்கம். கேட்டதற்கு மேல் ஒரு பிடி போட்டுக் கொடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். ஆகவே முழுவதையும் எழுதுகிறேன்.

என்னிடம் ஓர் எம்பிராய்டரி மெசின் இருக்கிறது. சென் ஹூபேர் தெருவில் ஒரு தையற்கடை மூடப்பட்டபோது, கடைக்காரர் சலித்துப்போய்த் தாமே சுமந்துவந்து காரில் ஏற்றிவிடும்வரை பேரம் பேசி வாங்கியது. அதற்கு டிசைன் அட்டைகள் உண்டு. விளையாட்டுச் சீட்டின் அளவுதான் இருக்கும். அட்டையைச் செருகி, சின்னத் திரையில் படத்தைத் தெரிந்தெடுத்து, துணியை வளையத்தில் இறுக்கிவிட்டால் ஊசி தன்பாட்டில் தைக்கும். நூலின் நிறம் மாற்றவேண்டிய இடத்தில் நின்று கூப்பிடும். தையல் முழுவதும் மெசினின் வேலை. மனிதர் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, எந்தப் படம் என்று தெரிந்தெடுப்பது. அந்த ஒன்றுதான் எனக்கு வரவில்லை.

முதல் வருடம், தொண்ணூற்றிரண்டில், விளக்குமாற்றில் பறக்கும் சூனியக்காரியைத் தெரிந்தெடுத்தேன். பதினான்கு நிறம். விலை கூடுதலாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். மெல்லிய துவாயில் அவ்வளவு தையல் ஏறியதும் துணி சுருங்கி, சூனியக்காரிக்கு இன்னும் நாற்பது வயது கூடிவிட்டது. அடுத்த வருடம் குழந்தைகளின் கழுத்துத் துணியில் எலும்புக்கூடு போட்டேன். அது பலகை போல விறைத்து நின்றது. மூன்றாம் வருடம் கரும்பூனை. பிள்ளைகளின் துணியில் கறுப்பு வைக்கக்கூடாது என்று வளர்ந்தவள் நான். அப்பாவின் கடையில் பிள்ளைத்துணி அடுக்கிய தட்டில் கறுப்பு நூற்பந்துகூட இருக்காது. ஆகவே கரும்பூனையை மண்ணிற நூலில் தைத்தேன். சந்தையில் ஒரு சிறுமி அதை நரி என்றாள். அவளுடைய தாய் நாய் என்றாள். இருவரும் சமாதானமாகி, ஒன்றும் வாங்காமல் போனார்கள்.

அந்தச் சந்தை வில்லறேயில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் ஒவ்வோர் ஒக்டோபரும் நடக்கும். நடத்துகிறவள் அக்னெஸ், ஓய்வுபெற்ற ஆசிரியை. மூன்று வருடமும் எனக்குக் கழிப்பறைக்குப் பக்கத்து மேசையைத் தந்தாள். அங்கே வரிசையில் நிற்பவர்கள் பொருளை நன்றாகத்தான் பார்ப்பார்கள், ஆனால் மனம் வேறிடத்தில் இருக்கும். வாசலடியில் ஒரு மேசை வேண்டும் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் செலவழித்துப் பேரம் பேசினேன். அவள் சிரித்து, "மெர்சி, மதாம்" என்பாள். என் பெயர் ஜெகதீஸ்வரி. மூன்று வருடத்தில் ஒருநாளும் அவள் அதைக் கேட்கவில்லை.

தொண்ணூற்றைந்து வைகாசியில் சிவாஜினி எங்கள் நிலவறை அறைக்கு வாடகைக்கு வந்தாள். இருபத்தெட்டு வயது, ஒரு பெட்டி, ஒரு படம். படத்தில் இருந்தது அவளுடைய மகன் யதுர்ஷன், ஐந்து வயது, வவுனியாவில் அவளுடைய தாயோடு இருந்தான். அகதி வழக்கு வென்றால் அவனைக் கூப்பிடலாம். புருஷனைப் பற்றிக் கேட்டால் அரிசி களைய எழுந்து போய்விடுவாள்.

ஒருநாள் டிசைன் கற்றலொக்கை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் வந்து தோளுக்கு மேலால் பார்த்தாள்.

"அக்கா, இது பேயோ, காயப்போட்ட போர்வையோ?"

"பேய்தானடி."

"பேயெண்டால் ஏன் இளிக்குது?"

"இஞ்சத்தைப் பேயள் அப்பிடித்தான்."

அவள் உட்கார்ந்தாள். ஒவ்வொரு படமாக விரல் வைத்தாள். எலும்புக்கூட்டுப் பக்கம் வந்ததும் வேகமாகத் திருப்பினாள். நான் அது நல்ல அட்டை என்றேன்.

"வேண்டாமக்கா. இதைப் பாக்கிறதுக்கு ஆர் காசு குடுக்கிறது? நாங்கள் ஊரிலை சும்மா பாத்தனாங்கள்."

பிறகு ஒரு சின்னப் பேயில் நின்றாள். குட்டையானது, கையில் லாந்தர், ஒரு பக்கம் சரிந்து நடப்பது. "யது எண்டால் இதைக் கையிலை எடுப்பான்," என்றாள். அதுதான் அவளுடைய முழு வித்தை. யது எடுப்பானா, யது பயந்து அழுவானா, யது இதை நித்திரையிலும் பிடித்துக்கொண்டு படுப்பானா. நானும் முயன்று பார்த்தேன், தம்பி. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் எல்லோரையும் நினைத்துப் பார்த்தேன். ஒருவரும் ஒன்றையும் எடுக்கவில்லை.

பூனைக்கு வந்தபோது நான் மண்ணிற நூலை எடுத்தேன்.

"ஏனக்கா, கறுப்பு முடிஞ்சுதோ?"

"பிள்ளையளின்ரை சாமானடி. கறுப்புக் கூடாது."

"அப்ப பிள்ளையளின்ரை கன்னத்திலை எந்த நிறத்திலை பொட்டு வைக்கிறனாங்கள்? பச்சையிலையோ?"

நான் மண்ணிற நூலைத் திரும்ப வைத்தேன். அவள் பூசணிப் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இதுக்கும் ஒண்டு வைப்பம். இவ்வளவு வடிவாச் சிரிக்குது. நாவூறு பட்டிடும்."

அட்டையில் பொட்டு என்று ஒரு டிசைன் கிடையாது. மெசினுக்குள் பெயர் தைப்பதற்கான ஆங்கில எழுத்துக்கள் இருந்தன. அவள் அதிலிருந்து முற்றுப்புள்ளியை எடுத்துப் பெரிதாக்கி, பூசணியின் இடது கன்னத்தில் கறுப்பு நூலால் இறக்கினாள். பத்து மேசையில் பத்துப் பேர் அதே அட்டையை வாங்கி அதே பூசணியைத் தைக்கிற ஊரில், எங்களுடையது மட்டும் யாரோ பெற்ற பிள்ளை போல இருந்தது.

அந்த ஒக்டோபரில் அக்னெஸ், ஹலோவீனுக்குப் பிள்ளைகள் இனிப்புச் சேர்க்கும் பை ஒன்றைத் தூக்கி, இந்தப் புள்ளி என்ன என்று கேட்டாள். சிவாஜினிக்குப் பத்துப் பிரெஞ்சுச் சொல் தெரியும். அதில் ஒன்றும் உதவாது. தன் கன்னத்தைத் தொட்டாள், கையைக் குழந்தையின் உயரத்தில் வைத்தாள், ஒரு கண்ணைப் பெரிதாக உருட்டி, இன்னொரு கையால் அதை மறைத்தாள். அக்னெஸ் அந்தப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் எங்கள் மேசை வாசலடிக்கு வந்துவிட்டது. "சிவாஜினி" என்று அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பழகினாள். பின்னேரம் என்னிடம் திரும்பி, "உங்களுக்கு நல்ல உதவியாள் கிடைத்திருக்கிறாள், மதாம்" என்றாள். மெசின் என்னுடையது. நூல் என்னுடையது. நாவூறும்கூட என்னுடைய ஊர்ச் சரக்கு. அதை நான் பிறந்ததிலிருந்து அறிவேன். எடுத்து விற்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதைப் பொறாமை என்று நீங்கள் மொழிபெயர்த்துவிடக் கூடாது. பொறாமை அடுத்த கடைக்காரன்மேல் வருவது. சொந்தக் கடையில் வேலை செய்கிறவள்மேல் யாருக்காவது வருமா? என் கணவர் பேரின்பநாதன் ஜான் டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறவர். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்ப்பார், செய்தியைப் பார்ப்பார், படுப்பார். சிவாஜினி ஒருநாள் வௌவால் படம் தைத்த துவாயை அவர் முன்னால் பிடித்து, "அண்ணை, இந்த வௌவால் எங்கட ஊர்ப் பழைய விதானையார் மாதிரி முழிக்குதெல்லோ?" என்றாள். அவர் சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவருக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லாமல் போயிருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இதையும் நான் ஒரு தகவலாகத்தான் எழுதுகிறேன்.

போன வருடம், தொண்ணூற்றாறு புரட்டாதியில், அக்னெஸ் எங்கள் வீட்டுக்கே வந்தாள். என்னைக் கடந்து நிலவறைக்கு இறங்கினாள். தன் தங்கை எலிசாவுக்குக் கண் தெரியாமல் போய்விட்டதாம், அவளுடைய எம்பிராய்டரி மெசின் சும்மா கிடக்கிறதாம், அதைச் சிவாஜினிக்கே தருகிறாளாம். வழக்கு முடிந்து பேப்பர் கையில் கிடைத்ததும் அடுத்த வருடம் அவள் பெயரில் தனி மேசை. இதையெல்லாம் நான்தான் இருந்து தமிழில் சொல்லிக் கொடுத்தேன். ஒரு சொல்லும் விடவில்லை.

அக்னெஸ் போனபின் சிவாஜினி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, யதுவும் வந்திடுவான். நான் மேசை போட்டாலும் உங்கட மேசைக்குப் பக்கத்திலைதான் போடுவன்."

பக்கத்தில் என்றாள். பெரியகடையில் பக்கத்துக் கடை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. என் அப்பா பக்கத்துக் கடைக்காரரின் கலியாணத்துக்கு மொய் எழுதினார், செத்தவீட்டில் பாடை தூக்கினார். இடையில் இருந்த முப்பது வருடமும் அந்த மனிதர் சாகவேண்டும் என்று நல்லூர்க் கோயிலில் அர்ச்சனை செய்தார்.

மூன்றாம் நாள் விசாரணைக் கடிதம் வந்தது.

எங்கள் வீட்டுக்கு ஒரே தபாற்பெட்டி, ஒரே திறப்பு, அது என் இடுப்பில். அவளுக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வது வழக்கம். ஒக்டோபர் இருபத்துநாலு, காலை எட்டரை. சந்தை பத்தொன்பதாம் திகதி. நான் நிதானமாக யோசித்தேன். இப்போது சொன்னால் அவள் சாமிபடத்தைவிட்டு எழும்பமாட்டாள். தேவாரம் பாடிக்கொண்டு இருப்பாள். டிசைன் தெரிந்தெடுக்கமாட்டாள். சந்தை முடியட்டும், ஐந்து நாள் இருக்கிறது, பிறகு சொல்லலாம். அவளுடைய பழைய வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு வேறு மாகாணத்துக்குப் போயிருந்தார். புதியவரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தது. அதையும் பிறகு பார்க்கலாம் என்று வைத்தேன். தைக்கும் துணிக்கு அடியில் வைக்கிற தாள்களைப் போடும் மேசை லாச்சியில் கடிதத்தை விட்டேன்.

அவள் ஒவ்வொரு பின்னேரமும் படியேறி வந்து கேட்பாள்.

"அக்கா, கடிதம் ஏதும் வந்ததோ?"

"இல்லையடி. இஞ்ச எல்லாம் ஆறுதலாத்தான்."

"பேந்து திடீரெண்டு வந்தால்?"

"வந்தால் நான் சொல்லாமல் விடுவனே?"

சந்தை நன்றாக நடந்தது. அந்தமுறை அவள் தெரிந்தெடுத்தது தேய்ந்த நிலாவில் தூங்கும் ஒரு குட்டி வௌவாலும், தொப்பி பெரிதாகிக் கண்ணை மூடிவிட்ட ஒரு சூனியக்காரிச் சிறுமியும். எல்லோருக்கும் கன்னத்தில் பொட்டு. மூன்று மணிக்கு மேசையில் துணி விரிப்பு மட்டும் இருந்தது. வாங்கிய சனம் போய்வருகிறோம் என்று அவளிடம்தான் சொல்லிவிட்டுப் போனது. நான் பைகளில் போட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஐந்து நாள் இருந்தது. ஞாயிறு களைப்பு. திங்கள் உடுப்புத் தோய்த்தேன். செவ்வாய் சொல்வதாக இருந்தேன். அவள் எலிசாவின் மெசினைப் பார்க்க அக்னெஸோடு போய்விட்டாள். புதன் அந்த மெசினைப் பற்றியே பேசினாள், அதில் பொட்டு இன்னும் வட்டமாக விழுகிறதாம். வியாழன் காலை எட்டரைக்கு நாங்கள் இருவரும் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அவள், "என்னக்கா, அண்ணைக்குச் சாப்பாடு கட்ட நேரமாச்சோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

இரண்டாவது கடிதம் இரண்டு கிழமையில் வந்தது. விசாரணைக்கு ஏன் வரவில்லை, கார்த்திகையில் இன்ன திகதிக்கு வந்து காரணம் சொல், இது கடைசிச் சந்தர்ப்பம் என்று எழுதியிருந்தது. அந்தத் திகதிக்குப் பக்கத்தில் சந்தை எதுவும் இல்லை. அதை நான் பார்த்துக்கொண்டேன். ஆனால் முதற் கடிதத்தைக் காட்டினால்தான் இரண்டாவதைக் காட்ட முடியும். இல்லை என்று சொன்ன சரக்கைப் பிறகு உள்ளேயிருந்து எடுத்துக் கொண்டுவருகிற கடைக்கு யார் திரும்பி வருவார்கள்? அதையும் லாச்சியில் விட்டேன்.

மூன்றாவதை அவள் கையிலேயே கொடுத்தேன். வரிவரியாக நானே வாசித்துத் தமிழில் சொன்னேன். உரியவர் வராததால், அவர் தமது கோரிக்கையைக் கைவிட்டதாகத் தீர்மானிக்கப்படுகிறது.

"அக்கா, நான் கைவிடேல்லையே," என்றாள். அதையே இரண்டு மூன்றுதரம் சொன்னாள், நான் நம்பவில்லை என்று நினைத்தவள் போல.

அவளை மடியில் போட்டுத் தலை தடவினேன். தபால்காரனைத் திட்டினேன். முன்னர் நிலவறையில் வாடகைக்கு இருந்தவன் ஒருவனையும், கடிதம் அவன் கைக்குப் போயிருக்கும் என்று, சேர்த்துத் திட்டினேன். என்னைவிட அவளுக்கு ஆறுதல் சொல்லக்கூடியவர் இந்த நகரத்தில் யாரும் இருந்திருக்கமுடியாது. நடந்தது என்ன என்று எனக்குத்தானே தெரியும். அக்னெஸ் இரண்டுதரம் வந்தபோது அவள் மேலே வரவே இல்லை. எலிசாவின் மெசினை வேறொருத்தி எடுத்துப்போனாள். அந்த மார்கழி முழுவதும் அவள் என்னோடுதான் உண்டாள், என்னோடுதான் இருந்தாள். பேரின்பநாதன் பழையபடி சுவரைப் பார்த்தார். வீடு அமைதியாக இருந்தது.

நாடுகடத்தும் கடிதம் வந்தபின்தான் கோயிலில் யாரோ சொல்லி உங்கள் வழக்கறிஞரைப் பிடித்தாள். நான்தான் பஸ்ஸுக்குச் சில்லறை கொடுத்தேன்.

ஒன்று மறந்துவிட்டேன். மாசி பிறந்ததும், போகிறதுக்கு முன்னர் அடுத்த ஒக்டோபருக்கான டிசைன்களைத் தெரிந்தெடுத்துத் தா என்று அவளிடம் கேட்டேன். மறுக்கவில்லை. இவ்வளவு காலம் பார்த்துக்கொண்ட உங்களுக்கு இதையும் செய்யாமல் போவேனா என்றாள். புதுக் கற்றலொக் நூற்றிருபது பக்கம். ஒவ்வொரு நாளும் பத்துப் பக்கம் பார்த்தாள். விலைப்படுவதற்குக் கோடு போட்டாள், துவாய்க்கு எது, கழுத்துத் துணிக்கு எது, எங்கே பொட்டு வைக்கவேண்டும் என்று ஓரத்தில் எழுதினாள். இடையிடையே பென்சிலை வைத்துவிட்டு யன்னலைப் பார்ப்பாள். நான் அவசரப்படுத்தவில்லை. இன்று காலை கடைசிப் பக்கமும் முடிந்தது. குறைந்தது நாலு வருடத்துக்குக் காணும். முதன்முதல் தெரிந்தெடுத்த அந்த லாந்தர்ப் பேயை மட்டும் விற்கவேண்டாம், ஒன்று தைத்து யதுவுக்குக் கொண்டுபோகத் தாருங்கள் என்று கேட்டாள். சின்னப் பையாகத் தைத்துக் கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை.

இனி நீங்கள் கேட்ட பகுதி. கடிதங்கள் வந்தன. இரண்டையும் நான் வாங்கினேன், வாசித்தேன், விளங்கிக்கொண்டேன், ஒளித்தேன். சிவாஜினிக்கு ஒன்றும் தெரியாது. அவள்மேல் ஒரு பிழையும் இல்லை. இரண்டு கடிதத்தையும் இத்தோடு வைத்திருக்கிறேன், உறை கிழிந்தபடியே. என் அப்பா சொல்வார், விற்கும்போது பொய் சொல்லலாம், விற்றுமுடிந்தபின் சொல்லக்கூடாது. கையொப்பம் கீழே இருக்கிறது. எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. அவளுக்காக இதையாவது செய்தேனே என்று ஒரு நிறைவு.

இன்று ஞாயிறு. நீங்களே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னீர்கள். இந்தப் பனிவழுக்கலில் அலையவேண்டாம், தம்பி, தபாலில் போட்டுவிடுகிறேன். பஞ்சாங்கம் பார்த்தேன். நாளைக்கு மரணயோகம். செவ்வாய் நல்ல காரியத்துக்கு ஆகாது. புதன் நவமி. வியாழன் அவளுக்குப் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொடுத்து, விமான நிலையம்வரை கூடப் போகவேண்டும், நேரம் இராது. வெள்ளி நல்ல நாள். வெள்ளி காலையே கொண்டுபோய்ப் போட்டுவிடுவேன், ஒரு நாளும் பிந்தமாட்டேன்.